டகோட்டாவைத் தூணில் ஏற்றாதீர்கள்: விமான நிலைய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விமான நிலைய நிர்வாகக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் அருங்காட்சியகம் இருக்கும் ஹேங்கர் என்ற விமானக் கொட்டகையின் கதவில் ஒட்டப்பட்டிருந்த உங்கள் அறிவிப்பைப் படித்தேன். தொண்ணூறு நாளில் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தைக் காலி செய்ய வேண்டும். ‘தற்காலிகக் கட்டுமானமான’ ஹேங்கர் இடிக்கப்பட்டு அங்கே வாகன நிறுத்துமிடம் வரும். தேர்ந்தெடுத்த சிறு பொருள்கள் புறப்பாட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரிக்குப் போகும். எங்களிடம் உள்ள போர்க்காலச் சரக்கு விமானமான டகோட்டா நுழைவாயில் ரவுண்டானாவில் தூண்மேல் ஏற்றப்படும். மீதமுள்ளவை ‘உரிய முறையில் அப்புறப்படுத்தப்படும்’.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை நேரில் சொல்ல இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் வரவேற்பு மேசையைத் தாண்டாமலே திரும்பினேன். அதனால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

பதினாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஹேங்கரைத் திறந்து மூடுகிறவன் நான். அதற்கு முன் முப்பத்தோரு வருடம் ஏர்ஃப்ரேம் மெக்கானிக்காக வேலை பார்த்தேன். விமானத்தின் உடம்பு எங்கே எப்படி உளுக்கும் என்பது மட்டும்தான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த விஷயம். அதை வைத்தே பேசுகிறேன்.

முதலில் அந்த ‘தற்காலிக’ என்ற சொல். தவறில்லை. அது பெல்மன் ஹேங்கர். 1936இல் என். எஸ். பெல்மன் என்ற பொறியாளர் பிரிட்டிஷ் விமானப்படைக்காக வரைந்து கொடுத்தது. ஒரே மாதிரியான எஃகுச் சட்டங்கள்; போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கினால் ஹேங்கர், கழற்றினால் லாரிச் சுமை. போர் முடியும்வரை தாங்கினால் போதும் என்றுதான் நிறுத்தினார்கள். போர் 1945இல் முடிந்துவிட்டது, ஹேங்கர் நிற்கிறது. நீங்கள் நிரந்தரமாகக் கட்டிய வருகைக் கூடத்துக்கு இதற்குள் இரண்டு தடவை கூரை மாற்றியாகிவிட்டது என்பதை, குத்திக்காட்டுவதற்காக அல்ல, சும்மா சொல்லி வைக்கிறேன்.

உங்கள் ரன்வேயும் தற்காலிகமாகப் போட்டதுதான். அன்றைய விமானங்கள் பெரும்பாலும் வால் சக்கரத்தில் உட்காருபவை. பக்கக் காற்று அடித்தால் இறங்கும்போது சுழன்றுவிடும். அதனால் காற்று எந்தப் பக்கம் வீசினாலும் ஒரு பாதை ஒத்துவரட்டும் என்று மூன்று ஓடுபாதைகளை முக்கோணமாக வெட்டவிட்டுப் போடுவது வழக்கம். 1942 வாக்கில் பிரிட்டிஷ் விமானதளங்களுக்கு வகுத்த அளவு, முதன்மைப் பாதை 2,000 கெஜம், மற்ற இரண்டும் 1,400 கெஜம். நம் தளமும் அந்த அச்சில் வார்த்ததுதான். நீளமான பாதையின் மேல் அடுக்கடுக்காகத் தார் போட்டு நீட்டி இன்று பயன்படுத்துகிறீர்கள். இரண்டாவது, விமானங்கள் ரன்வேக்கு ஊர்ந்து போய்வரும் டாக்ஸிவே ஆகிவிட்டது. மூன்றாவதில் புல் மண்டிக் கிடக்கிறது, ஆனால் வெயில் சாய்ந்த நேரத்தில் மேலிருந்து பார்த்தால் கோடு அப்படியே தெரியும். எங்களிடம் உள்ள பொருள்களிலேயே பெரியது அந்த முக்கோணம். தினமும் காலை விமானம் அதன் ஒரு பக்கத்தில் வந்து இறங்குகிறது. அருங்காட்சியகம் ஏதோ உங்கள் இடத்தில் ஒண்டிக் குடியிருப்பதுபோல அறிவிப்பு பேசுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அந்தக் கண்ணாடி அலமாரி. நீளம் ஆறடி என்று வரைபடத்தில் பார்த்தேன். ஹேங்கரின் பின்சுவர் ஓரம், தகரப் பெட்டியில், கூலிப் பதிவேடுகள் நான்கு இருக்கின்றன. இந்த ரன்வேக்கு ஜல்லி உடைத்தவர்கள், மண் சுமந்தவர்கள், உருளை இழுத்தவர்கள் கூலி வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்த பதிவேடுகள். பக்கத்துக்கு முப்பது பெயர். பெயர்கூட முழுசாக இருக்காது, ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றிருக்கும். எதிரே ஊதா மையில் பெருவிரல் ரேகை. வேலை முற்றிய மாதங்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

சில வருடங்களுக்கு முன் வயதான ஓர் அம்மா தன் பேரனோடு வந்தார். விமானத்தின் பக்கம் திரும்பவே இல்லை. “ரோடு போட்ட கணக்கு இங்கே இருக்காமே?” என்று கேட்டார். அவருடைய அம்மாவின் பெயரை அவர் சொல்லச் சொல்ல, மதியம் வரை பக்கம் பக்கமாகத் தேடினோம். மூன்றாம் பதிவேட்டில் கிடைத்தது. அடுத்தடுத்து பதினொரு வாரம் ரேகை இருந்தது, பன்னிரண்டாவது வாரம் இல்லை. “அப்போதான் நான் பிறந்தேன்” என்றார். பிறகு தன் பெருவிரலை அந்த ரேகைக்குப் பக்கத்தில், தாளில் படாமல், கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் விரல் மகளுடையதைவிடச் சிறியது. அந்த வேலையைச் செய்தபோது அவளுக்கு என்ன வயது இருக்கும் என்று பேரன் கேட்டான். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆறடி அலமாரியில் ஒரு பதிவேட்டின் ஒரு பக்கத்தை விரித்து வைக்கலாம். முப்பது பெயர். மற்றவை எந்த ‘உரிய முறையில்’ அப்புறப்படுத்தப்படும் என்று கேட்கிறேன்.

அதே பெட்டியில் இன்னொரு தாளும் உண்டு. நிலத்தைக் காலி செய்யச் சொல்லி அன்று ஊர்க்காரர்களுக்குக் கொடுத்த நோட்டீஸ். பயிர் நின்ற நிலம், பத்து நாள் கெடு. நீங்கள் எங்களுக்குத் தொண்ணூறு நாள் கொடுத்திருக்கிறீர்கள். முன்னேற்றம்தான்.

அலமாரியில் வைக்கத் தேர்ந்தெடுத்த பட்டியலையும் பார்த்தேன். விமானி அறைக் கருவிகள் ஏழு, திறந்த தட்டில், குழந்தைகள் தொட்டுத் திருகிப் பார்க்கும் உயரத்தில். இதைப் பட்டியலிட்டவர் எங்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த ஏழில் ஐந்து ரேடியம் பூசியவை என்று சொல்லியிருப்போம். இருட்டில் முள் தெரிவதற்காக அந்தக் காலத்தில் ரேடியமும் துத்தநாக சல்பைடும் கலந்து பூசினார்கள். துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளில் செத்துவிடும், ஒளி அணைந்துவிடும். பார்க்கிறவர்கள் ‘பவர் போயிடுச்சு’ என்று நினைத்துக்கொள்வார்கள். ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிய பயமில்லை. கண்ணாடி விண்டு, உள்ளே பொடியாக உதிர்ந்து கிடக்கும் பூச்சு மூச்சிலோ வாயிலோ போனால்தான் ஆபத்து. அதனால் அவற்றைத் தனிப் பெட்டியில், சீல் வைத்து, காற்றோட்டமான மூலையில் வைத்திருக்கிறோம். நீங்கள் அவற்றை ஏசி போட்டு மூடிய கூடத்தில் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறீர்கள். இதில் வரலாறு, உணர்ச்சி என்று எதுவும் வேண்டாம். பாதுகாப்பு அதிகாரி ஒருவரை அனுப்பிக் கதிர்வீச்சு மானியால் அளந்து பாருங்கள், போதும்.

டகோட்டாவுக்கு வருகிறேன். எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

டிசி-3 முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17ஆம் தேதி. அதன் ராணுவ வடிவம் சி-47. பிரிட்டிஷார் வைத்த பெயர் டகோட்டா. 10,000க்கும் மேல் கட்டினார்கள். இறக்கை முனையிலிருந்து முனைக்கு 95 அடி. இருபுறமும் பதினான்கு சிலிண்டர் எஞ்சின், ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். குண்டு போடுவதற்காகச் செய்த விமானம் அல்ல அது. ஆள், அரிசி, மருந்து, கோவேறு கழுதை, அடிபட்டவர்கள் என்று எதைக் கொடுத்தாலும் சுமந்தது. பர்மா சாலை அடைபட்ட பிறகு அசாமிலிருந்து இமயத்தின் கிழக்குக் கிளைகளைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு ஏற்றிப் போனார்களே, ‘ஹம்ப்’ என்று பெயர் வாங்கிய அந்தப் பாதை, அதை 1942இல் தொடங்கி வைத்ததும் இந்த ஜாதி விமானம்தான். போர் முடிவதற்குள் பெரிய விமானங்களும் சேர்ந்து அந்த வழியில் கொண்டுபோன சரக்கு சுமார் 6,50,000 டன். அந்த மலைகளில் நூற்றுக்கணக்கான விமானங்கள் விழுந்தன.

இதைத் தூணில் ஏற்றினால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தூண் தலை எங்கேயாவது பிடிக்க வேண்டும். அதற்காக இரண்டு இறக்கையையும் தாங்கும் நடுப்பகுதியை அறுத்து, உள்ளே எஃகுக் கட்டை கொடுப்பார்கள். அலுமினியமும் எஃகும் ஒட்டி இருக்கும் இடத்தில் மழைநீர் தங்கினால் அலுமினியம்தான் கரையும். வெளியே பளபளப்பாகப் பெயின்ட் இருக்கும். உள்ளே தகடு தகடாக வெள்ளை உப்புப் பூத்து, விரலால் சுரண்டினால் கேக் மாதிரி உதிரும். வயிற்றுப் பக்கம் நீர் வடிய சிறு சிறு துளைகள் உண்டு. குளவிகளுக்கு அந்தத் துளை என்றால் அவ்வளவு பிரியம், மண் வைத்து அடைத்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கிறோம். இருபதடி உயரத் தூணின் மேல் யார் ஏறிக் குத்துவார்?

டகோட்டாவின் வால் சுக்கானும், உயர்த்திகளும், இறக்கை ஓரத்தில் மேலும் கீழும் அசையும் எய்லரான்களும் உலோகம் அல்ல என்பது உங்கள் ஆலோசகருக்குத் தெரியுமா தெரியவில்லை. அவை சட்டத்தின் மேல் துணி இழுத்துக் கட்டி, டோப் என்ற அரக்கு போன்ற பூச்சைப் பூசி முறுக்கேற்றியவை. எட்டு வருடத்துக்கு முன் ஒரு புயலில் ஹேங்கர் கூரைத் தகரம் இரண்டு பறந்துவிட்டது. உங்களுக்கு அன்றே எழுதிப்போட்டோம். தகரம் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் இடது எய்லரான் நனைந்து காய்ந்து நனைந்து, துணி தொளதொளவென்று தொங்கிவிட்டது. கழற்றி, பழைய துணியைக் கிழித்து, சட்டத்தைச் சுரண்டி, புதுத் துணி வைத்துத் தைத்து, ஐந்து பூச்சு டோப் கொடுத்து மாட்ட நான்கு பேருக்கு நான்கு மாதம் பிடித்தது. நால்வரில் இருவர் இப்போது இல்லை. மூன்று வாரத்துக்கே இந்தக் கதி. நீங்கள் ஆயுளுக்கும் வெயிலில் நிறுத்தப் போகிறீர்கள்.

நான் கண்டுபிடித்த புது விஷயம் எதுவும் இல்லை இது. பிரிட்டிஷ் விமானப்படை தன் முகாம் வாசல்களில் பல்லாண்டுகள் நிறுத்தி வைத்திருந்த அசல் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களை 1980களின் பிற்பகுதியில் இறக்கி உள்ளே கொண்டுபோனது. வாசலில் கண்ணாடியிழையில் செய்த பிரதிகளை வைத்தது. வெயிலில் நின்ற நிஜத்தைக் காப்பாற்ற அவர்கள் கண்ட வழி அதுதான். மாறாக, கூரைக்குள்ளே கவனித்துச் சீர்செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் சீரமைக்கப்பட்ட ஒரு டகோட்டா 2018இல் அங்கிருந்து பறந்தே வந்து இந்திய விமானப்படையில் சேர்ந்தது. பரசுராமா என்று பெயர், வால் எண் விபி 905. நம்முடையது பறக்காது, அந்த ஆசையும் எனக்கு இல்லை. உளுத்து விழாமல் இருந்தால் போதும்.

பார்வையாளர்கள் குறைவு என்று அறிவிப்பில் ஒரு வரி இருக்கிறது. ஒரே நாளில் எண்ணிய எண்ணிக்கை அது: 37 பேர். அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முக்கியப் பிரமுகர் வருகை என்று காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை பக்கவாயிலைப் பூட்டி வைத்தது உங்கள் காவல் பிரிவு. வெளியே இரண்டு பள்ளிப் பேருந்துகள் நின்று, பிள்ளைகள் வேலிக் கம்பிக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டு மணிக்கு மேல் மூன்று மணி நேரத்தில் வந்தவர்கள்தான் அந்த 37 பேர். வாயிலைப் பூட்டிவிட்டுத் தலையை எண்ணுவது என்ன கணக்கு?

உங்கள் பக்க நியாயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு வேலியின் உட்புறம் ஹேங்கர் இருப்பது சிக்கல்தான். பார்வையாளர் ஒவ்வொருவரையும் சோதித்து, விமானங்கள் நிற்கும் ஏப்ரன் தளத்தின் ஓரமாக அழைத்துப்போக ஒரு காவலரை நீங்கள் ஒதுக்க வேண்டியிருக்கிறது. பயணிகள் பெருகினால் வண்டி நிறுத்த இடமும் தேவைதான். எங்கள் தரப்பிலும் குறை உண்டு: விளக்க அட்டைகளில் பாதி மங்கிவிட்டன, இரண்டில் தகவலே தப்பு. வாரத்தில் ஒரு நாள்தான் திறக்கிறோம். போர் என்றாலே வீரம் என்று பேசிப் பழகிய பழைய ஆட்கள் நாங்கள். குண்டு விழுந்த பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றி எங்கள் சுவரில் போதுமான அளவு இல்லை. இவையெல்லாம் திருத்தக்கூடியவை. அறுத்த இறக்கையைத் திருத்த முடியாது.

விமான நிலையமும் அருங்காட்சியகமும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் எல்லையோரத்தில் வெண்டோவர் என்று ஒரு சின்ன ஊர். ஹிரோஷிமாவுக்குப் போன விமானப்படைப் பிரிவு 1944 டிசம்பரில் உருவானது அங்கேதான். அந்த விமானதளம் இன்றும் பொது விமான நிலையமாக இயங்குகிறது. பழைய கட்டடங்களும் ஹேங்கரும் அருங்காட்சியகமும் அதே வளாகத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் ரன்வேயின் ஒரு நுனியையே நெடுஞ்சாலை தின்றது. அப்படியும் 1977இல் மாவட்ட நிர்வாகமும் அருங்காட்சியகமும் தன்னார்வலர் சங்கமும் கைகோத்து மீதி ரன்வேயை வாங்கிக் காப்பாற்றினார்கள். சாலை வேலை குறுக்கே வருவதற்குள் ஒரு கான்கார்ட் என்ற அதிவேகப் பயணிகள் விமானத்தை அதே வருடம் அங்கே இறக்கியும்விட்டார்கள். அதே இங்கிலாந்தின் மான்ஸ்டனில் 2014இல் விமான நிலையமே மூடப்பட்டுவிட்டது, அருங்காட்சியகங்கள் திறந்திருக்கின்றன. தொலைவே வேண்டாம், அருணாச்சலப் பிரதேசத்தின் பாசிகாட்டில், மலைகளில் விழுந்து கிடந்த அதே ‘ஹம்ப்’ விமானங்களின் சிதறல்களைப் பொறுக்கிச் சேர்த்து 2023இல் ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். சுக்குநூறானதை மலையேறித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் முழுசாக ஒன்று நிற்கிறது.

நான் கேட்பது இவைதான்.

தொண்ணூறு நாள் கெடுவை நிறுத்தி வையுங்கள். பொருள் ஒவ்வொன்றையும் எண்ணிட்டுப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலில் உங்கள் பிரதிநிதியும் எங்களில் ஒருவரும் கையெழுத்திடும்வரை ஓர் ஆணிகூட வெளியே போகக் கூடாது. கூலிப் பதிவேடுகள் நான்கையும் முதலில் ஸ்கேன் செய்ய அனுமதியும் ஒரு வார மின்சாரமும் கொடுங்கள். ஸ்கேனரை நாங்கள் கொண்டுவருகிறோம்.

ஹேங்கர் அந்த இடத்தில் இருக்கவே முடியாது என்றால் இடிக்காதீர்கள், கழற்றுங்கள். கழற்றி மாட்டத்தானே அதைச் செய்தார்கள். புல் மண்டிய மூன்றாவது ஓடுபாதையின் மேற்குக் கோடி வேலிக்கு வெளியே தள்ளிவிடக்கூடிய இடம். அங்கே மாட்டினால் பார்வையாளர் உங்கள் பாதுகாப்பு வளையத்துக்குள் கால் வைக்க வேண்டியதில்லை, காவலரும் மிச்சம். சட்டங்களுக்கு எண் போட்டுப் பிரித்து அடுக்கும் வேலைக்கு ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள் ஒன்பது பேர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிரேன் மட்டும் உங்கள் செலவு.

டகோட்டாவில் அறுவை, துளை, வெல்டிங் எதுவும் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். ரவுண்டானாவில் விமானம் நிற்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் கண்ணாடியிழையில் பிரதி செய்து நிறுத்துங்கள். அளவு எடுக்க நானே டேப் பிடிக்கிறேன். ரேடியம் கருவிகளை யாரும் எடுக்கும் முன் தகுதியுள்ள ஒருவர் அளந்து அறிக்கை தர வேண்டும், அந்த அறிக்கையை வெளியிட வேண்டும். பார்வையாளர் கணக்கை, பூட்டாத நான்கு ஞாயிறுகளில், இரு தரப்பு ஆட்களும் நின்று மறுபடி எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், குழுவில் முடிவெடுத்த அனைவரும் ஒரு தடவை வந்து பாருங்கள். உங்களில் இருவர் மட்டுமே இதுவரை உள்ளே வந்திருக்கிறீர்கள், அதுவும் புகைப்படத்துக்கு. வருகிற செவ்வாய் காலை பத்து மணிக்கு ஹேங்கரைத் திறந்து வைத்திருப்பேன். நான் பின்பக்கம் இருந்தால் குரல் கேட்காது. நீங்களே திறந்து வாருங்கள். இடதுபக்கக் கதவு தண்டவாளத்தில் சிக்கும், கொஞ்சம் தூக்கினாற்போல் தள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைச் சாவி வைத்திருப்பவன்